அக்கா நேரம்

கடற்கரைக்கு இறங்க நூற்று அறுபத்து மூன்று படிகள். அறிவிப்புப் பலகையில் நூற்று அறுபது என்றுதான் இருக்கிறது. மிச்சம் மூன்றைத் தன் முழங்கால் எண்ணியது என்பார் அக்கா. தொண்ணூறாவது படியில் இடது முழங்கால் முனகத் தொடங்கும். நூற்றிருபதில் வலதும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே கீழே போய்ச் சேரும்.

படிகளின் தலைப்பில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுவரில் மாட்டிய போன், கம்பிக் கூண்டுக்குள் ஒற்றை பல்பு. வெளிச்சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக அறுபது ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் எண் அடித்த ஓர் அலுமினிய டோக்கன். கீழே போகிறவர் ஒரு டோக்கனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே வந்ததும் அதே ஆணியில் தன் கையால் திரும்ப மாட்ட வேண்டும். அறுபது ஆணியும் நிறைந்தால் கீழே ஆள் இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு படியின் குறுக்கே சங்கிலியைப் போட்டுவிட்டு, விடிகாலை ஐந்தரைக்கு வேன் வரும்வரை அக்கா பெஞ்சில் காலை நீட்டலாம். பதினெட்டு வருடமாக ஒவ்வோர் இரவும் அவர் எதிர்பார்ப்பது அந்தக் கால் நீட்டலைத்தான்.

எல்லோருக்கும் அவர் டோக்கன் அக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்பு ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைத்து மடிக்கும் வேலை பார்த்தார். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பகலில் வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் பகல் ஷிப்டு. அந்த நேரத்தில் இந்த ராத்திரி வேலைக்கு ஆள் கேட்டார்கள், ஒருத்தரும் வரவில்லை, அக்கா போனார். மகன் வளர்ந்து வேற்றூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ராத்திரி மட்டும் அக்காவிடமே தங்கிவிட்டது.

நிலா இல்லாத நாட்களில் அந்தக் கடல் ஒளிரும். கடைசி வீட்டிலிருந்தே பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஊர் வெளிச்சம் எட்டாது. அலை உடையும்போது அதன் நுனியில் நீலமாக ஒரு கோடு ஓடி அணையும். ஈர மணலில் கால் வைத்தால் பாதம் பட்ட இடம் ஒரு நொடி மின்னும். அதைப் பார்க்கத்தான் ராத்திரி பத்து மணிக்கு மேல் வேனிலும் ஸ்கூட்டரிலும் ஆட்கள் வருவார்கள். வந்தவர்களின் கைவிளக்குகளுக்கு அக்கா சிவப்புக் காகிதம் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிடுவார். வெள்ளை வெளிச்சம் பட்டுவிட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் கல்லில் இடறி விழுவார்கள். தனியாக யாரையும் இறக்கமாட்டார். குடித்துவிட்டு வந்தவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். பாசி ஒதுங்கிய கருப்புக் கோட்டுக்கு மேலேதான் உட்கார வேண்டும், கடலுக்கு முதுகு காட்டக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்வார்.

"முதுகு காட்டினா கோவிச்சுக்குமா அக்கா?" என்று யாராவது கேட்பார்கள்.

"கோவிச்சுக்காது. தூக்கிட்டுப் போயிடும்."

இந்தக் கேள்வியும் பதிலும் வாரத்துக்கு நாலு தடவை நடக்கும். சிரிக்கிறவர்கள்தான் புதிது.

இதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை பாறை. படி இறங்கிய இடத்திலிருந்து வடக்கே அறுநூறு மீட்டர் நடந்தால், மலையின் கால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் சின்னதாக ஒரு வளைகுடா. ஒளி அங்கேதான் அதிகம். தண்ணீர் வற்றியிருக்கும்போது பாறையின் அடியில் ஐந்து மீட்டர் அகலத்துக்கு மணல் வழி கிடக்கும். தண்ணீர் ஏறினால் அது மூடிவிடும். மூடினால் திறக்க நாலு மணி நேரம். அந்த மூடும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் என்பதால், தினமும் சாயங்காலம் அட்டவணையைப் பார்த்து, "பாறையைத் தாண்டித் திரும்ப வேண்டிய நேரம்" என்று கரும்பலகையில் அக்கா எழுதுவார்.

முதல் வருடம் அட்டவணையில் இருந்ததை அப்படியே எழுதினார். ஒரு ராத்திரி, புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி, பலகையில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாக, ஒரு நிமிடம் பிசகாமல் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீரும் ஒரு நிமிடம் பிசகாமல் வந்திருந்தது. அக்கா தன் சேலையை முறுக்கி வீசி இழுத்துத்தான் இரண்டு பேரும் இந்தப் பக்கம் வந்தார்கள். அன்றைக்கு அவருக்கு ஒன்று புரிந்தது. பலகையில் எழுதும் நேரத்தை ஆட்கள் கிளம்பும் நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். வளைகுடாவின் கோடியிலிருந்து பாறைக்கு நடக்க இருபது நிமிடம், "கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்பதற்குப் பத்து, கழற்றிப் போட்ட செருப்பைத் தேடப் பத்து. ஆக நாற்பது. மறுநாளிலிருந்து அட்டவணை நேரத்தில் நாற்பது நிமிடத்தைக் குறைத்து எழுதினார். யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது கணக்கு வாத்தியார். ஐம்பத்தைந்து வயது. இருட்டு வாரத்தில் வரும் சனிக்கிழமை மட்டும் தனியாக ஸ்கூட்டரில் வருவார். வீட்டில் மனைவி படுத்த படுக்கை. அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அந்த ஒரு ராத்திரி பக்கத்து வீட்டம்மா வந்து உட்கார, வாத்தியார் கடலுக்கு வருவார். தனியாக யாரும் போகக் கூடாது என்ற விதி அவருக்கு மட்டும் எப்படியோ தளர்ந்துவிட்டது. மூன்று நாலு முறை பாறையருகே கைக்கடிகாரத்தோடு நின்று, தண்ணீர் எப்போது வழியைத் தொடுகிறது என்று குறித்துப் பார்த்திருக்கிறார்.

"அக்கா, உங்க போர்டுக்கும் கடலுக்கும் நாப்பது நிமிஷம் வித்தியாசம். எப்பப் பாத்தாலும் நாப்பது. கடல் தப்புப் பண்ணாது."

"வெளிய சொல்லாதீங்க சார்."

சொல்லிவிட்டார். ஒரு வருடத்துக்குள் வழக்கமாக வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பலகையில் இருப்பது அக்கா நேரம். நாற்பது கூட்டினால் நிஜ நேரம். முதலில் அக்காவுக்குக் கோபம் வந்தது. நாற்பதை அறுபதாக்கலாமா என்றுகூட யோசித்தார். பிறகு, தெரிந்தவர்களுக்குக் கடலும் தெரியும், தெரியாதவர்களுக்குத்தான் இந்த நாற்பது என்று விட்டுவிட்டார். வாத்தியார் அக்கா நேரத்துக்கு மேல் சரியாக இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார்; மீதி இருபது கையிருப்பு. பன்னிரண்டு வருடம் இப்படியே போனது.

வீட்டிலும் இதே கதைதான். சமையலறைச் சுவர்க் கடிகாரத்தை வீட்டுக்காரர் இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார், அக்கா சாயங்கால வேனைத் தவறவிடக் கூடாது என்று. அக்காவுக்கு அது தெரியும். தினமும் அதைப் பார்த்து இருபதைக் கழித்துவிட்டு, அந்த இருபது நிமிடமும் கூடத் தூங்குவார். வேனைப் பிடிக்க ஓடுவதும் தினமும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் புது மேற்பார்வையாளர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன். யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள்: வெகுதூரத்திலிருந்து வந்தோம், தண்ணீர் ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று.

"இத்தனை வருஷமா இப்படியாம்மா எழுதறீங்க?"

"ஆமா சார். நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குன்னாலும் பொய்தானே? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, போர்டுல ஏன் தப்பு நேரம்னு என்னைத்தான் கேப்பாங்க. அட்டவணைல என்ன இருக்கோ அத எழுதுங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமையிலிருந்து நிஜ நேரத்தை எழுதத் தொடங்கினார். தெரிந்த முகம் வரும்போதெல்லாம், "இன்னிக்கு நாப்பது கூட்டாதீங்க, இதுதான் நெஜம்" என்று வாயால் சொன்னார். வெள்ளிக்கிழமை பதினோரு பேருக்குச் சொன்னார்.

சனிக்கிழமை பலகையில் எழுதியது 12.50. பத்தரை மணிக்கு இரண்டு வேன்கள் ஒன்றாக வந்து நின்றன. பதினாறு பேர். பதினாறு விளக்குக்கும் காகிதம் சுற்ற வேண்டும். வேனில் வந்த இரண்டு பேர், யார் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பேண்டு அறுந்து அக்காவின் விரலில் தெறித்தது. தலை நிமிர்ந்தபோது, கணக்கு வாத்தியார் வழக்கமான ஒன்பதாம் எண்ணை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, படியில் இறங்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டினார். அக்காவும் கையைக் காட்டினார். காகிதம் சுற்றி முடித்தபோது சொல்ல வேண்டியது மறந்துபோயிருந்தது.

வேன்கள் பதினொன்றே முக்காலுக்குத் திரும்பிப் போயின. ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அக்கா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டு ஆணிகளைப் பார்த்தார். ஒன்பது மட்டும் காலி. வாத்தியார்தானே, அவர் கணக்குத் தப்பாது, போர்டுக்கு மேல் இருபது எடுப்பார், ஒன்று பத்துக்குப் பாறைக்கு வருவார் என்று நினைத்தபடியே ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்குத் தூக்கிய டம்ளரை மேசையில் வைத்தார். ஒன்று பத்துக்குப் பாறையில் வழியே இருக்காது.

முதலில் போனை எடுத்தார். மீட்புப் படகு நிற்கும் துறை கடல் வழியாக ஒன்றரை மணி நேரம்.

"ஆள் தண்ணியில இருக்காரா?" என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல். அதுவும் ராத்திரி ஷிப்டுக் குரல்தான்.

"இன்னும் இல்ல."

"பாறைக்கு அந்தப் பக்கம் ஏறி நிக்க எடம் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு ஆள் ஒயரத்துல திட்டு இருக்கு. அது முழுகாது."

"அப்ப எறங்காமப் பாத்துக்கங்க. எறங்கினா நாங்க வந்து பிரயோஜனம் இல்ல. எறங்கலன்னா நாங்க வரவே வேணாம்."

அக்கா சங்கிலியைப் போட்டார். மூங்கில் கம்பையும் விளக்கையும் எடுத்துக்கொண்டார். கம்பில் முழங்கால் உயரத்துக்கு ஒன்றும் இடுப்பு உயரத்துக்கு ஒன்றுமாக இரண்டு இடத்தில் வெள்ளை நாடா சுற்றியிருந்தது; அது அவருடைய அளவுகோல். இறங்கினார். முழங்கால்கள் இன்று தொண்ணூறு வரை காத்திருக்கவில்லை, நாற்பதிலேயே ஆரம்பித்துவிட்டன. மணலில் ஓட முடியாது என்று தெரிந்தும் ஓடப் பார்த்து, மூச்சிரைத்து, பிறகு நடந்தார். பாறையை அடைந்தபோது ஐந்து நிமிடம் கம்மி ஒரு மணி. வழியில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது.

விளக்கிலிருந்து சிவப்புக் காகிதத்தைப் பிய்த்து எறிந்து, வெள்ளை வெளிச்சத்தை வளைகுடாப் பக்கம் ஆட்டினார். பதினெட்டு வருடத்தில் அந்தக் கடற்கரையில் அவர் வெள்ளை வெளிச்சம் அடித்தது அதுதான் முதல் தடவை.

பத்து நிமிடம் கழித்து ஒரு சிவப்புப் புள்ளி ஆடிக்கொண்டே வந்தது.

"யாரய்யா அது, வெள்ள லைட்டு? அறிவில்ல?"

"நான்தான் சார்!"

வாத்தியார் அந்தப் பக்கம் வந்து நின்றார். நடுவில் ஐந்து மீட்டர். அலைக்கும் அலைக்கும் இடையில்தான் பேச்சு கேட்டது.

"அக்கா? நீங்க ஏன் எறங்கி வந்தீங்க?"

"வழி மூடிடுச்சு சார். அங்கயே இருங்க. திட்டுல ஏறுங்க."

"மூடலையே. இடுப்பளவுதான் இருக்கும். போர்டுல பன்னண்டு அம்பது. நாப்பது கூட்டினா ஒண்ணரை. இன்னும் இருவத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இன்னிக்கு அலை கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ரெண்டு அலைக்கு நடுவுல ஓடி வந்துடறேன்."

"கூட்டாதீங்க! இன்னிக்குப் போட்டதுதான் நெஜ நேரம். மாத்திட்டாங்க!"

"என்னது?"

"அக்கா நேரம் இல்ல சார்! நெஜ நேரம்!"

சிவப்பு வெளிச்சம் தண்ணீரில் அசையாமல் நின்றது.

"அக்கா, என்னைப் பயமுறுத்தறதுக்குச் சொல்றீங்க. பன்னண்டு வருஷமாப் பாக்கறேன். நீங்க நெஜ நேரம் சொல்ற ஆளே இல்ல." செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "ரெண்டரைக்கு அவளைப் பொரட்டணும். பக்கத்து வீட்டம்மாவுக்கு மூணு மணிக்கு ரொட்டிக் கடையில வேலை. நான் போயே ஆகணும்."

நல்லதுக்கு என்று நாற்பது நாற்பதாகச் சேர்த்து வைத்தது எல்லாம் இப்போது அந்தப் பக்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அக்கா எந்த நேரத்தைச் சொன்னாலும் வாத்தியார் அதில் நாற்பதைத் திருத்திக்கொள்வார்.

"சார், ஒரே ஒரு நிமிஷம். எறங்காம, நான் பண்றத மட்டும் பாருங்க."

முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, வழியின் ஓரத்தில் பாறை வெடிப்பில் மூங்கில் கம்பை ஊன்றினார். இறுக்கி அழுத்திவிட்டுப் பின்னால் வந்து வெள்ளை வெளிச்சத்தை அதன்மேல் அடித்தார். தண்ணீர் கீழ் நாடாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓர் அலை வந்தது. நாடா இரண்டும் மறைந்தன. அலை வடிந்தது, கீழ் நாடா திரும்பத் தெரியவில்லை. அடுத்த அலை வடிந்தபோது மேல் நாடாவின் பாதிதான் தெரிந்தது. மூன்றாவது அலை வந்து முட்டவே இல்லை. உள்ளே போயிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரேயடியாகக் கடல் பக்கம் திரும்பி இழுத்தது. கம்பு ஒருமுறை வளைந்து, வெடிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு, படுத்தபடி வெளியே போனது. போகும் வழியெல்லாம் அதைச் சுற்றி நீலமாக மின்னியது. இரண்டு பேரும் அது கண்ணுக்கு எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டார். திட்டில் ஏறினார்.

"எப்பத் தெறக்கும்?" என்று மேலிருந்து கேட்டார்.

அட்டவணைப்படி நாலு ஐம்பது. அக்காவின் வாயில் ஐந்தரை என்று வந்துவிட்டது, உதட்டுக்குள் பிடித்து நிறுத்தினார். நாலு ஐம்பது என்று சொன்னால், அவர் பழக்கத்தில் கணக்குப் போட்டு நாலு பத்துக்கே இறங்குவாரோ என்னவோ. ஐந்தரை என்றால் சரியாக நாலு ஐம்பதுக்கு இறங்குவார். பொய் சொன்னால்தான் அவருக்கு உண்மை போய்ச் சேரும் போலிருந்தது. அதை மேலும் யோசிக்க அக்காவுக்குத் தெம்பில்லை.

"நேரம் எதுவும் சொல்லமாட்டேன் சார். நானே வந்து, இங்க நின்னு கூப்புடுவேன். அப்ப எறங்குங்க. அதுவரைக்கும் கடிகாரத்தைப் பாக்காதீங்க."

"நீங்க வரலன்னா?"

"எங்க போறது? என் கம்பும் போயிடுச்சு."

அவர் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு குரல் மாறியது. "அக்கா, வீட்ல..."

"நம்பரச் சொல்லுங்க. மேல போய்ப் போன் பண்றேன்."

"நீங்க ஏறி எறங்கணுமே."

"அதெல்லாம் செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி நெனச்சிருக்கணும். நம்பரச் சொல்லுங்க."

அவர் ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்தி, அலை போனதும் அடுத்த எண்ணைச் சொன்னார். அக்கா அதைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கம்பு இல்லாமல் நூற்று அறுபத்து மூன்று படி ஏறுவது தனிக் கதை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்ற காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, நின்று. பாதியில் ஒருதரம் உட்கார்ந்துவிட்டார். எண் மறந்துவிடும் என்ற பயத்தில் எழுந்தார்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது இரண்டேகால். பக்கத்து வீட்டம்மா முதல் மணியிலேயே எடுத்தார்.

"அவரு எங்க?"

"பாறைக்கு அந்தப் பக்கம் பத்திரமா இருக்கார். தண்ணி ஏறிடுச்சு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவார்."

"ஆறா? அது உங்க நேரமா, நெஜ நேரமா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "நெஜ நேரம்மா."

"நான் இப்பப் பொரட்டிட்டுத்தான் கெளம்புவேன். நாலரைக்கு என்ன பண்றது? எங்க வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிட்டு வந்து உக்கார வெக்கறேன். எப்பவும் தூங்கறவர்தான், இங்க உக்காந்து தூங்கட்டும். நாலரைக்குப் போன் அடிச்சு எழுப்பறேன்." அந்தப் பக்கம் யாரோ மெல்லிய குரலில் ஏதோ சொல்வது கேட்டது. பக்கத்து வீட்டம்மா கேட்டுவிட்டுத் திரும்ப வந்தார். "வாத்தியாரம்மா சொல்றாங்க. என்னிக்கும் பாதியிலயே எழுந்து ஓடி வருவாராம். இன்னிக்காவது முழுசாப் பாத்துட்டு வரட்டுமாம். சொல்லிடுறீங்களா?"

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அக்கா பெஞ்சைப் பார்த்தார். காலி பெஞ்சு. ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்துவிட்டு மறுபடி இறங்கினார். வழி திறக்கும்போது வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த எவரும் அந்தப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் படுத்திருக்கலாம். ஆனால் வாத்தியார் மூன்றரைக்கு ஒருதரம் தண்ணீரை எட்டிப் பார்ப்பார் என்று அக்காவுக்குத் தெரியும்.

கீழே போய் முதலில் செய்தியைச் சொன்னார். அலைச் சத்தத்தில் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. முழுசாப் பாத்துட்டு வரட்டுமாம். அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் பார்க்கத் தொடங்கிவிட்டார் போல.

அக்கா பாசிக் கோட்டுக்கு மேலே, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து தன் விளக்கையும் அணைத்தார். கண் இருட்டுக்குப் பழகியது. நீலக் கோடுகள் வந்துகொண்டும் அணைந்துகொண்டும் இருந்தன. அழகாகத்தான் இருந்தது. ஒரு கோட்டைப் பார்த்து முடிப்பதற்குள் கண் சொருகியது.

"அக்கா! தூங்கிட்டீங்களா?"

"இல்ல. நீங்க விழுந்திடாதீங்க."

"ஏன் எனக்குச் சொல்லல? மாத்தினத?"

"நீங்க கையக் காட்டிட்டுப் போயிட்டீங்க. நானும் கையக் காட்டிட்டேன்."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்: "அக்கா! அந்த நாப்பது, எப்படி வந்தது நாப்பது?"

அக்கா சொன்னார். நடக்க இருபது, கடைசியாக ஒருதடவை பார்க்கப் பத்து, செருப்புத் தேடப் பத்து. வாத்தியார் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "செருப்புக்குப் பத்து ஜாஸ்தி" என்றார்.

"நீங்க புள்ளைங்களோட வந்து பாத்ததில்ல."

இப்படியே போனது. அவர் தூங்கினால் இவர் கூப்பிட்டார், இவர் தூங்கினால் அவர். நாலு மணிக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தார்கள். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலு ஐம்பதுக்கு வழியில் கணுக்கால் அளவு தண்ணீர். அக்கா முதலில் தானே நடந்து நடுவழி வரை போய், காலால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். வாத்தியார் திட்டிலிருந்து உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கி வந்தார். கால் மரத்துப் போயிருந்தது. பக்கத்தில் வந்ததும்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு அம்பது. அட்டவணைல என்ன?"

"நாலு அம்பது."

"அப்ப நெஜமாவே நெஜம்தான்."

படி ஏறும்போது வாத்தியார் கை கொடுத்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே வந்து ஒன்பதாம் எண்ணை அவர் தன் கையாலேயே ஆணியில் மாட்டினார். அறுபதும் நிறைந்தன. வேன் வருவதற்குள் பெஞ்சில் படுக்க எட்டு நிமிடம்தான் இருந்தது. அந்த எட்டு நிமிடத்தில் அக்கா மேற்பார்வையாளருக்கு அறிக்கை எழுதினார்: தேதி, நேரம், ஒரு கம்பு காணவில்லை.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் புதுக் கம்போடு வந்தார். பழையபடி நாற்பது கழித்தே எழுதிவிடலாமா என்று அவரே கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்தார். இப்போது பாதிப் பேருக்கு மாறியது தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. திரும்ப மாற்றினால் யார் எதைக் கூட்டுவார்கள், யார் எதைக் கழிப்பார்கள் என்று கடவுளுக்கே தெரியாது.

"இருக்கட்டும் சார். நெஜமே இருக்கட்டும். ஆனா போர்டுக்குக் கீழ இன்னொரு வரி எழுதறேன். வளைகுடாவ விட்டுக் கெளம்பற நேரம்னு தனியா."

அதன் பிறகு பலகையில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. வழி மூடும் நேரம் ஒன்று, கிளம்பும் நேரம் ஒன்று. அப்படியும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, இது உங்க நேரமா, நெஜ நேரமா?" என்று கேட்காமல் இறங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, "நெஜ நேரம், எதையும் கூட்டாதீங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல கூட்டமான ராத்திரியில் முப்பது தடவை. முழங்காலோடு இப்போது தொண்டையும் சேர்ந்துகொண்டது. வாத்தியார் இப்போது தன் மச்சினனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் வருகிறார், தானும் அதையே கேட்கிறார். பதில் தெரிந்தும் கேட்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வேன் அக்காவை வீட்டு வாசலில் இறக்கியபோது, வீட்டுக்காரர் பணிமனைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"என்ன, சேலையெல்லாம் ஈரம்? கடல்ல குளிச்சீங்களா மேடம்?"

"குச்சி ஒண்ணு போச்சு" என்றார் அக்கா. மற்றதைச் சொல்லத் தெம்பில்லை. சமையலறைத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிரே கடிகாரம். ஆறு முப்பத்தைந்து. பழக்கத்தில் இருபதைக் கழிக்கப் போய், பாதியில் நின்றார்.

"அந்தக் கடியாரத்தச் சரி பண்ணிட்டுப் போங்க."

"அப்புறம் வேன விட்டுட்டு என்னைத் திட்டக் கூடாது."

"திட்டல."

"நெஜமா?"

"நெஜமா. சரி பண்ணுங்க."

வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றி, பின்பக்கத் திருகை விரலால் தேடி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைப் பின்னால் தள்ளினார். "இந்தா, ஆறே கால்" என்று சொல்லிக்கொண்டே திரும்ப மாட்டினார். அவர் நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் அக்கா தூங்கிப்போயிருந்தார், காலை நீட்டி.